தீ எரிந்த நேரம்

“அம்புட்டுக்கூண்டு நேரம் எரியுறதுக்கா, அம்புட்டுத் தூரம் போயிருக்க?”

வெளிநாட்டு லேசர் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து முதல் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது அய்யா கேட்ட கேள்வி இது. பிற்காலத்தில் பெரிய பெரிய நிபுணர்கள் எங்கள் வேலையைக் குறை சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஒருவரும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை.

அவருக்குச் சொன்னதை இங்கும் சொல்லிவிடுகிறேன். கடுகளவு உருண்டை ஒன்று. அதற்குள் ஹைட்ரஜனின் கனமான வகைகள் இரண்டை அடைத்திருப்போம். சுற்றியுள்ள எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே கணத்தில் லேசர் கதிர்களை அதன் மேல் பாய்ச்சுவோம். மேல்தோல் வெடித்து வெளியே சிதற, உள்ளே இருப்பது நசுங்கும். சூரியனின் வயிற்றுக்குள் இருக்கும் சூட்டை எட்டிப் பற்றிக்கொள்ளும். பற்றிய வேகத்திலேயே அணைந்தும் போகும். பற்றியதற்கும் அணைந்ததற்கும் இடைப்பட்ட நேரத்தை அளப்பது என் வேலை. ஒரு வினாடியை ஆயிரம் கோடித் துண்டுகளாக நறுக்கி, அதில் ஒன்றிரண்டை எடுத்தால் அதுதான் அந்த நேரம்.

தீக்குச்சி எவ்வளவு நேரம் நின்று எரிகிறது என்று தெரிந்தால்தானே விறகு பற்றுமா பற்றாதா என்று சொல்ல முடியும்? அதனால்தான் இந்த அளவுக்கு அவ்வளவு மதிப்பு. தீ எரியும்போது நியூட்ரான் என்ற துகள்கள் வெளியே பாயும். அவை வந்து மோத, சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு பிளாஸ்டிக் வில்லையை வைத்திருப்போம். மோதியதும் வில்லை ஒளிரும். அந்த ஒளியைக் கண்ணாடிகள் வழியே கொண்டுபோய், நேரத்தை நீளமாக இழுத்துக் காட்டும் ஒரு கேமராவில் விழவைப்போம். வில்லை சட்டென்று ஒளிரும், ஆனால் மெதுவாகத்தான் மங்கும். ஆகவே ஒளி ஏறும் ஏற்றத்தை மட்டும் படிக்க வேண்டும், இறக்கத்தை நம்பக் கூடாது. இதை எங்கள் கூடத்தில் என்னைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. தன்னடக்கத்துக்காகப் பொய் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

கமுதிக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊர் எங்களுடையது. மிளகாய், பருத்தி, மழை பெய்தால் நெல். அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டார். வீட்டில் அய்யா, அண்ணன், மதினி. “பொட்டப்பிள்ளைய எதுக்கு மதுரைக்கு அனுப்புறீக?” என்று எழுபதுகளில் ஊரே கேட்டபோது, “எம் மக, எங்காசு, எவனுக்கு என்ன?” என்று சொல்லி அனுப்பியவர் அய்யா. அந்த வாயைத்தான் எனக்கும் கொடுத்திருக்கிறார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பங்குனியில் விடுமுறைக்கு வந்தேன். வரும்போதே ஒரு சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் வந்தேன். எங்கள் கருவியில் இரண்டு வில்லைகள் இருந்தன. ஒன்று உருண்டைக்கு வெகு அருகில், இரண்டு விரற்கடைத் தூரத்தில். இன்னொன்று பல முழம் தள்ளி. இரண்டும் ஒரே தீயைத்தான் பார்த்தன. ஆனால் தள்ளியிருந்த வில்லை, தீ நீண்ட நேரம் எரிந்தது என்றது. அருகில் இருந்தது, இல்லை, சீக்கிரமே அணைந்துவிட்டது என்றது.

எங்கள் குழுத் தலைவருக்கு நீண்ட தீ தேவைப்பட்டது. தீ நீண்டு எரிந்தது என்று அறிக்கை போனால் ஆராய்ச்சிக்கு நீட்டிப்பு கிடைக்கும். ஒப்பந்தத்தில் இருந்த எனக்கும் நிரந்தர வேலை. சீக்கிரம் அணைந்தது என்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான். அவர் கெட்ட மனிதர் இல்லை. அமைதியாகப் பேசுபவர், என் மேல் மரியாதை உள்ளவர். அருகில் இருந்த வில்லையில் எக்ஸ்ரே கதிர்களும் விழுந்து குழப்புகின்றன என்பது அவர் கட்சி. எக்ஸ்ரே ஒளியின் வேகத்தில் முன்னாடியே வந்து போய்விடுகிறது, நியூட்ரான் பின்னால்தான் வருகிறது, இரண்டையும் பிரித்துப் படிக்க எனக்குத் தெரியும் என்பது என் கட்சி. நேர அளவுக்குப் பொறுப்பு நான் என்பதால் என் ஒப்புதல் இல்லாமல் அறிக்கை போகாது. யோசித்துச் சொல் என்று அனுப்பிவைத்தார். குறித்த நாளில் மாலை, கமுதி பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு அவரே போன் செய்வதாக ஏற்பாடு.

இதெல்லாம் அய்யாவுக்குத் தெரியும். வந்த அன்றே சொல்லிவிட்டேன். அதிலிருந்து தினமும், “போனு என்னைக்கித்தா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் வேலை நிலைக்க வேண்டுமே என்று தவிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

போன் வரவேண்டிய நாளும் எங்கள் கண்மாய் அழிகிற நாளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும், ஒருநாள் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு, எல்லோரும் ஒன்றாக இறங்கி மீனைப் பிடித்து முடிப்பதைத்தான் கண்மாய் அழிப்பது என்போம். பிடித்த மீன் பிடித்தவருக்கு. விற்கக் கூடாது, குழம்பு வைத்துத்தான் தின்ன வேண்டும். விடிந்ததும் கரை முழுக்க ஆட்கள் வலையோடும், அடியில்லாக் கூடையான ஊத்தாவோடும் வந்து நிற்பார்கள். ஒருவரும் காலை நனைக்கக் கூடாது. மடை மேல் நின்று வெள்ளைத் துண்டை வீச ஒருவர் இருப்பார். துண்டு அசைந்ததும் நாலா பக்கமும் ஒரே நேரத்தில் பாய வேண்டும். அப்போதுதான் மீனுக்கு ஓட இடம் இருக்காது; நடுவில் சேறு கலங்கி, மூச்சுத் திணறி மேலே வரும். ஒரு பக்கம் மட்டும் முந்திவிட்டால் மீன் மறுபக்கம் ஓடிப் புல்லுக்குள் புகுந்துகொள்ளும்.

துண்டு வீசுகிறவர் எங்கள் அய்யா. பல வருடங்களாக அவர்தான். அன்று நானும் மடைக்குப் பக்கத்தில் நின்றேன். வெளியூர்க்காரர்கள் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். அய்யா என்னைத் திரும்பிப் பார்த்து, “போனு பொழுதுசாயத்தான?” என்றார். ஆமாம் என்றேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

அவ்வளவுதான். கிழக்குக் கரை மொத்தமும் தண்ணீரில் இருந்தது.

“ஏலே, நிப்பாட்டுங்கடா, நா மூஞ்சியத் தொடச்சேன்டா” என்று அய்யா கத்தியது யார் காதிலும் விழவில்லை. மேற்குக் கரைக்காரர்கள் துண்டைப் பார்ப்பதா கிழக்கைப் பார்ப்பதா என்று திகைத்து, பிறகு திட்டிக்கொண்டே பாய்ந்தார்கள். அதற்குள் பாதி விரால் மேற்கே ஓடிக் கோரைப் புல்லுக்குள் ஒளிந்துவிட்டது. சோறு பொங்கி இறக்கும் நேரம்கூட ஆகியிருக்காது. கலங்கிய தண்ணீரில் மேலும் துழாவ ஒன்றுமில்லாமல் ஆட்கள் கரையேறத் தொடங்கினார்கள். “வேர்வையத் தொடைக்க வேற துணி கொண்டாங்கய்யா” என்று ஒருவர் சொல்ல, கரையே சிரித்தது. அய்யா சிரிக்கவில்லை. நிதானத்துக்குப் பேர்போன மனிதர் இப்படித் தடுமாறியதை நான் பார்த்ததே இல்லை.

நான் முதல் ஆளாக வீட்டுக்கு வந்துவிட்டேன். மதினி வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களின் மீன்களை எட்டிப் பார்த்துக்கொண்டே மசாலா அரைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வெறுங்கையோடு வந்தவர்கள் வேகமாக வந்தார்கள். ஊத்தாவைச் சுமந்தவர்கள் மெதுவாக வந்தார்கள். எங்கள் அண்ணன் டீக்கடையில் உட்கார்ந்து, அய்யா துண்டு வீசிய கதையை நாலு பேருக்குச் சொல்லி முடித்துவிட்டு, பெரிய விரால் ஒன்றோடு உச்சி வெயிலில் வந்து சேர்ந்தார்.

“இந்த வருசம் உச்சி வரைக்குமில்ல மீன் பிடிச்சிருக்காக” என்றார் மதினி.

“இல்ல மதினி. இறங்குன சுருக்குல முடிஞ்சு போச்சு.”

“எனக்கென்ன கண்ணு பொட்டையா? இம்புட்டு நேரமா ஆளுக வந்துக்கிட்டே இருந்தாகளே, பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்.”

“அது அவுக நடந்து வந்த நேரம் மதினி. பிடிச்ச நேரம் இல்ல.”

“நீ ஒருத்திதான் படிச்சவ” என்று சொல்லிவிட்டு அம்மியின் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று முழுக்க அவர் தன் கணக்கை விட்டுக்கொடுக்கவில்லை.

இதைப் பார்த்து எனக்கு ஞானம் பிறந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் பொய். தள்ளியிருக்கும் வில்லை வாசலில் உட்கார்ந்த மதினி மாதிரிதான் கணக்குப் போடும் என்பது எனக்கு மாணவப் பருவத்திலேயே தெரியும். நியூட்ரான்கள் எல்லாம் ஒரே வேகத்தில் வருவதில்லை. தூரம் கூடக்கூட முந்தியது முந்தும், பிந்தியது பிந்தும், கூட்டம் நீண்டுகொண்டே போகும். கண்மாய் எனக்குப் புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. போனில் சொல்ல ஒரு நல்ல கதையைக் கொடுத்தது.

மாலை பூத்தில் அந்தக் கதையை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். குழுத் தலைவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார், சிரிக்கவும் செய்தார். பிறகு, “நடந்து வரும் நேரத்தைத்தான் கணக்கிட்டுக் கழித்துவிட்டோமே” என்றார்.

“வேக வித்தியாசத்தைக் கழித்தீர்கள். டீக்கடையில் உட்கார்ந்தவர்களைக் கழித்தீர்களா?” என்று கேட்டேன். வில்லையைத் தாங்கியிருந்த எஃகுத் தண்டில் மோதித் திரும்பி, தாமதமாக வந்து சேர்ந்த நியூட்ரான்களைத்தான் அப்படிச் சொன்னேன்.

“இரண்டு எண்களையும் போடுவோம். நீண்டதை முதலில் போடுவோம்” என்றார்.

“ஒரு தீக்கு ஒரு நேரம்தான் இருக்க முடியும்.”

“அருகில் இருக்கும் வில்லையை நீ மட்டும்தான் நம்புகிறாய்.”

“நான் ஒருத்தி நம்பினால் போதும். அதைப் படிக்கத்தானே என்னை வேலைக்கு வைத்தீர்கள்? நீண்ட எண் போவதாக இருந்தால் என் பெயரை எடுத்துவிடுங்கள்.”

“என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்” என்றார். அது மிரட்டல் இல்லை, வருத்தம். தெரியும் என்று சொல்லி வைத்துவிட்டேன். பூத்தை விட்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். வேலை போவது உறுதி. ஆனால் எண்ணைப் பற்றி ஒரு துளி சந்தேகம்கூட இல்லை.

கடைசிக்கு முந்தின பஸ்ஸில் ஊர் வந்து இறங்கினேன். அய்யா நிறுத்தத்திலேயே நின்றிருந்தார்.

“என்னத்தா ஆச்சு?”

“எம் பேர எடுத்துருங்கன்னு சொல்லிட்டேன்யா. வேல போயிரும். வர்ற வருசம் இருக்காது.”

அவர் என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அந்த நடையில் ஒரு துள்ளல் இருந்தது. வீட்டில் மதினியைக் கூப்பிட்டு, “அந்தப் பெரிய விரால வறு, பிள்ளைக்கு நல்லாப் போடு” என்றார். தானும் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மகளுக்கு வேலை போன வீட்டில் இப்படி ஒரு பந்தியா என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கை கழுவப் போன இடத்தில் மதினியிடம் கேட்டேன்.

“ஒனக்குத் தெரியாதா? மாமா மாசாமாசம் அமாவாசைக்கு மாரியூரு போய் கடல்ல முங்கிட்டு வாராகள்ல, எதுக்குன்னு நெனைக்கிற? நீ வேலைய விட்டுட்டு இங்கன வந்துரணும்னு வேண்டுதலு. ராம்நாட்டு காலேசுல வாத்தியார் வேலைக்குக்கூட ஆளு பேசி வச்சிருக்காக.”

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. ஊரெல்லாம் பேச்சு வாங்கி என்னைப் படிக்க அனுப்பிய மனிதர், நான் தோற்க வேண்டும் என்று மாதந்தோறும் கடலில் முங்கியிருக்கிறார். நேராகப் போய் அவர் கட்டிலுக்கு எதிரில் நின்றேன்.

“எனக்கு வேல போகணும்னா வேண்டுனீங்க?”

“வேல போகணும்னு வேண்டல. நீ வரணும்னு வேண்டுனேன்.”

“ரெண்டும் ஒன்னுதானய்யா.”

“அப்பிடித்தான் ஆயிருச்சு” என்றார். மறைக்கவோ மழுப்பவோ இல்லை. “ஒங்கம்மா போனப்பறம் இந்த வீட்ல எங்கூட எதுத்துப் பேச ஆளில்லத்தா. ஒங்கண்ணன் சரிய்யாங்கிறான், மதினி சரி மாமாங்குது. எனக்குச் சலிச்சுப் போச்சு. நீ வாத்தா.”

சண்டை போட வந்தவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் சொன்னேன். “வரமாட்டேன்யா. நான் சொல்றதுதான் சரியான அளவு. அத ஒத்துக்கிற கூடம் எங்கயாவது இருக்கும். அங்கன போவேன்.”

“சரி” என்று படுத்துக்கொண்டார். நல்ல உறக்கம் வந்தவர்போல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் உறங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த அமாவாசை நான் கிளம்புவதற்கு முன்னாலேயே வந்தது. “வா, மாரியூரு போய்ட்டு வருவோம்” என்றார். வேண்டுதலை விடுவித்துக்கொள்ளத்தான் கூட்டிப்போகிறார் என்று எண்ணி நானும் கிளம்பினேன். சாயல்குடியில் பஸ் மாறினோம். வழியெல்லாம் மிளகாய் விலையைப் பற்றியே பேசிவந்தார். கடற்கரையில் எங்களைப்போல் வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் முங்கிக்கொண்டிருந்தார்கள். வள்ளங்கள் மேடேறிக் கிடந்தன. அய்யா வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார். நானும் பக்கத்தில் முங்கி எழுந்தேன்.

“வேண்டுதல விட்டுட்டீங்களாய்யா?”

“எதுக்கு விடணும்? பழசத்தான் திருப்பி வேண்டிக்கிட்டேன்.”

“நா வரமாட்டேன்னு சொன்ன பெறகுமா?”

“நீ ஒன் அளவ மாத்துனியா? போன்ல அந்த ஆளு அம்புட்டுச் சொல்லியும் மாத்துனியா?”

“இல்ல.”

“நா மட்டும் ஏன் மாத்தணும்?” என்றார். பிறகு ஓரக்கண்ணால் பார்த்து, “நீ என்ன வேண்டுன?” என்று கேட்டார்.

“ஒங்க வேண்டுதலு பலிக்கக் கூடாதுன்னு.”

அய்யா கடலுக்குள் நின்றபடியே விழுந்து விழுந்து சிரித்தார். “சாமி பாடு திண்டாட்டந்தான்” என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. முகமெல்லாம் உப்புத் தண்ணீராக இருந்ததால் எது எது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. ஈர உடையோடு கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, சாயல்குடியில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினோம்.

அந்தக் கூடத்தில் என் வேலை சொன்னபடியே போனது. ஆறேழு மாதம் அல்லாடிய பிறகு, வேறொரு நாட்டில் சின்னக் கூடம் ஒன்று என்னை எடுத்துக்கொண்டது. வில்லையை உருண்டைக்கு அருகில் வைத்துப் படிக்கத் தெரிந்த ஆள் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அங்கே தாங்கும் தண்டை மெலிதாக்கி, எக்ஸ்ரேக்கு நல்ல மறைப்பு வைத்து, இன்னும் கூர்மையான கேமராவில் பார்த்தோம். என் பழைய கூடத்தில் சுட்ட அதே வகை உருண்டையையும் சுட்டுப் பார்த்தோம். தீ சீக்கிரம்தான் அணைந்தது. ஒருமுறை அல்ல, சுட்ட ஒவ்வொரு முறையும். சில கதிர்கள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் முந்தி விழுந்ததால் உருண்டை ஒருபக்கமாக நசுங்கியிருக்கிறது என்பதையும் கண்டுபிடித்தோம். பழைய குழுத் தலைவர் வாழ்த்துச் சொல்லி எழுதினார். நாணயமான மனிதர், தன்னுடைய எண்தான் தவறு என்று ஒரே வரியில் ஒப்புக்கொண்டிருந்தார்.

அதற்குள் எங்கள் வீட்டுக்கே போன் இணைப்பு வந்திருந்தது. அன்றைக்கே கூப்பிட்டேன். மதினி எடுத்து அய்யாவிடம் கொடுத்தார். அவருக்கு நெஞ்சுவலி வந்து போயிருந்த சமயம், குரல் இளைத்திருந்தது. அந்த மாதமும் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு மாரியூர் போய் வந்தாராம்.

“அய்யா, நான் சொன்ன அளவுதான் சரின்னு ஆயிருச்சு. எல்லாரும் ஒத்துக்கிட்டாக” என்றேன். என் குரலில் இருந்த பெருமை எனக்கே கேட்டது.

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எனக்கு அன்னைக்கே தெரியும்த்தா” என்றார். “அதான் பயந்தேன்.”